இவோன் முன்வரிசையில் இருந்த பொங்கல்

தம்பி,

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவெடுத்துத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். எனக்குப் பெருமை தருகிற இடத்தை நீட்டவும் மாட்டேன், தராத இடத்தை ஓடிக் கடக்கவும் மாட்டேன். பள்ளிக்கூடத்தில் முன்வாங்கில் இருந்து, ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கையை உயர்த்துகிற பிள்ளை நான். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பேன், காதில் விழுந்ததையெல்லாம் நினைவில் வைப்பேன். அந்தப் பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை என்று நீயும் அப்பாவும் உன் அம்மாவைப் பகிடி பண்ணுகிறீர்கள். பண்ணுங்கள். இன்று அது எனக்கு உதவுகிறது.

திங்கட்கிழமை நீ மான்செஸ்டருக்குப் போகிறாய். ஓர் அறக்கட்டளையில் வேலை. பணம் கேட்டு வருகிற தொண்டு நிறுவனங்களின் விண்ணப்பங்களை வாசித்து, அவர்களைப் போய்ப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று அறங்காவலர்களுக்குச் சொல்ல வேண்டும். இதை எங்கள் ஆட்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நேற்று ஹவுன்ஸ்லோ மாமாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, "பாங்க் மாதிரித்தான் அண்ணை, ஆனால் குடுத்தாத் திருப்பிக் கேக்கிறேல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் பல வருடம் அந்த மேசையின் மற்றப் பக்கத்தில், கேட்கிறவர்களின் பக்கத்தில் இருந்தவள். அங்கே இருந்து பார்த்ததில் ஒன்றை உனக்குச் சொல்லாமல் அனுப்ப எனக்கு மனமில்லை.

உனக்கு இவோன் ஆன்ட்டியை நினைவிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் உன்னை விட்டுவர ஆளில்லாத நாட்களில் நான் உன்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போவேன். அப்போது தன் கதிரையை உனக்குத் தந்துவிட்டு, தான் நின்றுகொண்டே தொலைபேசியில் பேசுகிற உயரமான பெண். அவளுடைய தாய் தகப்பன் ஜமெய்க்காவில் இருந்து வந்தவர்கள். அவள் லண்டனிலேயே பிறந்தவள். வீடில்லாத இளம் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தேடிக் கொடுக்கிற அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுவது அவளுடைய வேலை. நான் தட்டெழுதச் சேர்ந்தவள். நான் தட்டெழுதுகிற விண்ணப்பங்களை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்கிறேன் என்று கண்டு, அவள்தான் இயக்குநரிடம் சொல்லி என்னைத் தனக்கு உதவியாளாக எடுத்தாள்.

தொலைபேசியில் அவளுடைய குரலைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். நேரே போகும்போதுதான் சிக்கல். பணக்கார வீடுகளுக்கு அவளோடு போகும்போது ஒன்றைக் கவனித்தேன். மணியை அடித்ததும் எங்கள் நிறுவனத்தின் அறிக்கைப் புத்தகத்தை எடுத்து, அட்டைப்படம் வெளியே தெரிய, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டேன். "கதவைத் திறக்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்கட்டும். பிறகு என்னைப் பார்க்கட்டும். மாறி நடந்தால் பேச்சைத் தொடங்கவே நேரம் எடுக்கும்," என்றாள். அவள் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. மழைக்குக் குடை கொண்டுபோகச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அந்த எண்பதுகளில் இந்த நாட்டில் 'கறுப்பு' என்ற சொல்லுக்குள் நாங்களும் அடக்கம். வெள்ளையர் அல்லாத எல்லோரும் ஓர் அணி என்பது அப்போதைய அரசியல். எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒரு தடவை கறுப்பு ஊழியர் கூட்டம் நடக்கும். அதற்கு என்னையும் அழைத்தார்கள். அன்று பின்னேரம் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இஞ்சரும், நாங்கள் எப்ப தொடக்கம் கறுப்பர்? கவுன்சில்லை இருந்து கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். தொழிற்சங்கம், குடிவரவுச் சட்டம், வாசித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அதை உம்மடை சொந்தக்காரருக்கும் ஒருக்காச் சொல்லிப் பாரும்," என்றார். எங்கள் வீடுகளுக்குள் இவோன் மாதிரி ஆப்பிரிக்க வழி மனிதர்களைக் குறிக்க நாங்கள் பாவிக்கிற சொல் உனக்கும் தெரியும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். காப்பிலி என்போம். பிள்ளைகள் முன்னால் சொல்வோம், சாப்பிட்டுக்கொண்டே சொல்வோம்.

இவோன் இந்த அணியைப் பற்றி ஒரே வசனத்தில் சொன்னாள். "கூட்டம் என்றால் நீ கறுப்பு, விருந்து என்றால் நீ ஏசியன்." நான் சிரித்தேன். அதன் கனம் பிறகுதான் தெரிந்தது.

அதே காலத்தில்தான் இலங்கையில் போருக்குத் தப்பி ஊரில் இருந்து எங்கள் பெடியள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். பதினேழு, பதினெட்டு வயது. தாய் தகப்பன் காணியை ஈடு வைத்து அனுப்பிய பிள்ளைகள். உள்ளூர்க் கவுன்சில் அவர்களை மலிவு விடுதிகளில் ஆளுக்கொரு திசையாகப் போட்டது. இவோன் அவர்களை ஒரே கூரைக்குள் கொண்டுவர நினைத்தாள். வில்ஸ்டன் பக்கம் ஒரு பழைய வீடு பல வருடக் குத்தகைக்கு வந்தது. அதற்கான விண்ணப்பம் முழுவதையும் அவள்தான் எழுதினாள். பெடியளை டொக்டரிடம் கூட்டிப்போனதும் அவள், அவர்களுக்காக உள்துறை அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்ததும் அவள். குளிர் தொடங்கியபோது தன் தாயின் தேவாலயத்தில் எழுந்து நின்று கேட்டாள். அங்கே வருகிறவர்கள் பஸ் கண்டக்டர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவு செய்கிறவர்கள், இரவு ஷிப்ட் தாதிகள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளிகளும் சப்பாத்துகளும் காணிக்கைத் தட்டில் சேர்ந்த காசும் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கின. இலங்கை எங்கே இருக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வீட்டுக்குத் தேவையான பெரும் பணத்தைத் தரக்கூடியது ஓர் அறக்கட்டளை. பெயர் வேண்டாம். பழைய குடும்பப் பணம். அவர்கள் எங்களை நேரில் சந்திக்க விரும்பினார்கள். இயக்குநர் ஜெஃப்ரி என்னை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர். சைக்கிளில் வருவார், எல்லோருக்கும் தானே தேநீர் போடுவார். "அறங்காவலர்கள் கொஞ்சம் பழைய காலத்து ஆட்கள். இவோனுக்குப் பதில் நீ என்னோடு வந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருக்கும்," என்றார். டிசம்பரில் அலுவலக நத்தார் விருந்துக்கு நான் கட்டியிருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வரலாமே என்றும் சொன்னார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, நம் கொள்கைப்படி நீயும் கறுப்பு ஊழியர்தானே, அதனால் ஒரு குறையும் வராது என்றார். இவோனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

எனக்குக் காது சுட்டது. "விண்ணப்பத்தை எழுதியவள் இவோன். அவள் போகாத இடத்துக்கு நான் போகமாட்டேன்," என்றேன். என் குரல் கதவுக்கு வெளியே கேட்டிருக்கிறது. ஜெஃப்ரி சிவந்துபோனார். கடைசியில் இவோன்தான் போனாள். போய்ப் பேசிச் சம்மதமும் வாங்கி வந்தாள். அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. பெடியளின் சொந்தச் சமூகமும் ஒரு பங்கு போட வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து நான் அப்பாவிடம் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீயும் மேசையில் இருந்து கேட்டாய். உன் அம்மா நியாயத்துக்காக நின்றவள் என்று நீ நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

சமூகத்தின் பங்குக்கு நான் எங்கள் ஊர்ச் சங்கத்தைக் கேட்டிருந்தேன். அடுத்த கிழமையே தலைவர் சிவஞானம் அண்ணை தொலைபேசியில் எடுத்தார். வெம்பிளியில் கடை வைத்திருந்தவர். ஊரில் இருந்து வருகிற யாரும் வந்த அன்று படுக்கிற வீடு அவருடையது.

"பிள்ளை, கமிட்டி ஓம் எண்டிட்டுது. வாற ஞாயிறு பொங்கல் ஒன்றுகூடலிலை மேடையிலை வைச்சுத் தருவம். நீர் வந்து வாங்கும். ஒரேயொரு விசயம். உம்மோடை வேலை செய்யிற அந்தக் கறுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதையும். சனம் ஒரு மாதிரிப் பாக்கும். எங்கடை காசு எங்கடை ஆக்களின்ரை கையாலை போகட்டும்."

"ஓம் அண்ணை, நான் தனிய வாறன்," என்றேன்.

அவ்வளவுதான், தம்பி. எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். ஜெஃப்ரி கேட்டபோது சுட்ட காது அப்போது சுடவில்லை. அவர் கேட்டது எனக்கு அநியாயமாகக் கேட்டது. இவர் கேட்டது வீட்டு விஷயமாகக் கேட்டது. அண்ணை, பிள்ளை என்ற சொற்களுக்குள் வந்ததால் எனக்கு அது வேறு ஒன்றாகவே பட்டது. நான் இவோனிடம் போய், ஞாயிறு எங்கள் ஆட்கள் காசு தருகிறார்கள், எல்லாம் தமிழில்தான் நடக்கும், உனக்கு அலுப்பாக இருக்கும், நீ வரத் தேவையில்லை என்று வெகு கரிசனையாகச் சொன்னேன்.

அவள் கேட்டாள். "என்னைக் கூட்டிவர வேண்டாம் என்று சொன்னார்களா?"

நான் மேசையில் இருந்த கடிதங்களை அடுக்கினேன். அவள் என்னைத் திட்டவில்லை. "ஜெஃப்ரியின் அறையில் நீ எனக்காகச் சத்தம் போட்டது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தேன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் நான் செய்த வேலை என் சுபாவத்துக்கு ஏற்றதுதான். உடனே கையை உயர்த்தினேன். அந்தக் காசே வேண்டாம், இப்பவே எடுத்து அண்ணையிடம் சொல்கிறேன் என்று தொலைபேசியைத் தூக்கினேன். இவோன் என் கையில் இருந்து அதை வாங்கித் திரும்ப வைத்தாள். "அந்தப் பங்கு வராவிட்டால் வீடு போய்விடும். பெடியள் திரும்பவும் ஆளுக்கொரு மூலையில். அவமானம் என்னுடையது. அதை வைத்து நீ வீரம் காட்டாதே," என்றாள். பிறகு தன் நாட்குறிப்பில் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டாள். "நான் வருகிறேன். முன்வரிசையில் இருப்பேன். கொடுக்கும்போது அவர்கள் என்னைப் பார்க்கட்டும்."

இந்த இடத்தில் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கதை முடிந்த பிறகு நீ கடிதத்தை மடித்துவிடுவாய். உன்னிடம் வருகிற விண்ணப்பங்களில் 'சமூகம்' என்ற சொல் நிறைய வரும். யாருக்காகக் கேட்கிறார்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீ, கேட்க வருவது யார் என்றும் பார். எழுதியவள் ஒருத்தி, வந்து இருக்கிறவர் வேறொருவர் என்றால், எழுதியவள் எங்கே என்று கேள். அவளையும் கூட்டிவரச் சொல். அதைக் கேட்க உனக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது. எங்களுக்கு இருக்கவில்லை. இவோன் கொண்டுவந்த பணத்தால் அந்த நிறுவனம் வளர்ந்தது. நிதிப் பகுதிக்குத் தலைமைப் பதவி ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு வெளியே இருந்து ஒருவரை எடுத்தார்கள். அவர் போனதும் இன்னொருவரை எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் வேலையைச் சொல்லிக் கொடுத்தவள் அவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் விலகிப்போய், இப்போது தன் ஆட்கள் நடத்துகிற ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறாள். அந்த அமைப்புக்குப் பெரிய அறக்கட்டளைகள் பணம் கொடுப்பதில்லை. அனுபவம் போதாதாம். உன் மேசைக்கும் அப்படி ஒரு விண்ணப்பம் வரும். 'அனுபவம் போதாது' என்று எழுதப்போகும் முன் ஒரு தரம் நிறுத்து. அந்த அனுபவம் யார் யாருடைய பெயரில் போய்ச் சேர்ந்தது என்று விசாரி.

சரி, அந்த ஞாயிறு. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைப் பின்னேரம் வரைக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெளியே ஈரக் குளிர், உள்ளே ஏலக்காய் வாசம். இவோன் கருநீலக் கோட்டும் தொப்பியுமாக, தன் தேவாலயத்துக்குப் போகிற உடுப்பில் வந்தாள். நேரே நடந்து வந்து முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் இருந்த சிவஞானம் அண்ணையின் மனைவி தன் கைப்பையைத் தூக்கி இருவருக்கும் நடுவில் இருந்த கதிரையில் வைத்தார். பின்னால் இருந்து ஒருத்தி, அந்தத் தலைமயிர் அவளுடையதுதானா என்று என்னைத் தமிழில் கேட்டாள். இதற்கிடையில் பரிமாறிக்கொண்டிருந்த எங்கள் பெடியன் ஒருவன் சர்க்கரைப் பொங்கலோடு வந்து, "அக்கா, சுடும், கவனம்," என்று அவளிடம் நீட்டினான். அவன் அவளோடு எப்போதும் பாதி தமிழில்தான் பேசுவான். அவளுக்கு அக்கா என்ற சொல் மட்டும் விளங்கும். முன்வரிசையில் இருந்த பலர் அதைக் கேட்டார்கள். சிவஞானம் அண்ணையும் கேட்டார்.

நீ அன்று பொங்கலைப் பற்றிப் பேசினாய். உழவர் என்ற இடத்தில் மறந்துபோய் நின்றாய். முடிந்துவிட்டது என்று நினைத்து இவோன் பலமாகக் கைதட்டினாள். எல்லோரும் சேர்ந்து தட்ட, நீ தப்பித்தாய்.

பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், உறையைத் தந்தார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் இரவெல்லாம் எழுதி வைத்திருந்ததைப் பேசினேன். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் கம்பளி கொடுத்தது நாங்கள் இல்லை என்றேன். இதோ முன்வரிசையில் இருக்கிறாளே, இவளுடைய தாயின் தேவாலயம் கொடுத்தது என்றேன். அவர்கள் கொடுக்கும்போது யார் வந்து வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை என்றேன். நாங்கள் வீடுகளில் சொல்கிற அந்தச் சொல்லையும் ஒலிவாங்கியில் சொன்னேன். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவஞானம் அண்ணை என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இறங்கி வரும்போது யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணை தானே வடைத் தட்டோடு இவோனிடம் வந்து, உறைப்பு அதிகமோ என்று ஆங்கிலத்தில் கேட்டு இரண்டு வைத்தார். இதை மன்னிப்பு என்று நான் பெருப்பிக்க மாட்டேன். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்து வைக்கவில்லை, கையில் இருந்த தட்டைப் பார்த்து வைத்தார். ஆனால் வந்தார். அந்தக் கைப்பையும் எப்போதோ கதிரையில் இருந்து இறங்கியிருந்தது. நான் உள்ளுக்குள் பொங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பணம் கிடைத்துவிட்டது, உண்மையையும் சொல்லிவிட்டேன், இரண்டும் ஒரே மேடையில்.

சனம் போனபிறகு கதிரைகளை அடுக்க ஆள் போதாமல் இருந்தது. இவோன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து அடுக்கினாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. காவலாளி பூட்டுவதற்குத் திறப்புக் கொத்தோடு வாசலில் நின்றார். நீ அப்பாவோடு காருக்குப் போய்விட்டாய்.

"மேடையில் என்ன சொன்னாய்? என் பக்கம் கையைக் காட்டினாயே," என்று கேட்டாள்.

நான் வசனம் வசனமாக மொழிபெயர்த்தேன். அவள் கதிரையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். அவளுடைய முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

"நல்ல பேச்சு," என்றாள். "ஆனால் என் அம்மாவின் ஆட்கள் உங்களை வெட்கப்படுத்தக் கொடுக்கவில்லை. குளிருக்குக் கொடுத்தார்கள்."

"அப்படியென்றால் நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

"நீ ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். என்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கலாம்," என்றாள். கையில் இருந்த கதிரையை அடுக்கின் மேல் வைத்தாள். "நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் நீ கேட்டிருக்கலாம்."

இரண்டு பேர் என்னிடம் அவளை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். ஒருவருக்குக் கோபமாகவும் ஒருவருக்குப் பணிவாகவும் பதில் சொன்னேன். பிறகு நானே மேடையேறி, அவளைப் பற்றி அவ்வளவும் பேசி, அவளைக் கதிரையிலேயே இருத்தி வைத்தேன். அவளைக் கூப்பிடலாம் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. எதையும் கவனிக்கிறவள் என்று பெயரெடுத்த எனக்கு.

நான் அவளுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் காவலாளி மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்.